ஒரு வண்டிக்கு இரண்டு பேட்டரி தேவையா?

கேள்வி: கோத்தகிரி அருகே தேயிலைத் தொழிற்சாலை நடத்துகிறோம். தேயிலை மூட்டைகளை அடுக்கவும் லாரியில் ஏற்றவும் 48 வோல்ட் ஃபோர்க்லிஃப்ட் ஒன்று வாங்கியிருக்கிறோம். மாற்று பேட்டரியும், அதைத் தூக்காமல் உருளைகளில் தள்ளி மாற்றும் ரோலர் ஸ்டாண்டும் கட்டாயம் தேவை என்கிறார் விற்பனையாளர். வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். வண்டி ஓடிய நேரத்தைக் காட்டும் ஹவர் மீட்டரை ஒரு மாதம் தினமும் குறித்து வையுங்கள். உங்கள் தொழிற்சாலை இரவெல்லாம் ஓடலாம். ஃபோர்க்லிஃப்டும் இரவெல்லாம் ஓடுகிறதா? இலை வாடும்போதும் அரைபடும்போதும் அதற்கு வேலையே இல்லை. ஈய-அமில பேட்டரி சார்ஜ் ஏற ஏறக்குறைய 8 மணி நேரம். சூடு ஆற மேலும் பல மணி நேரம். ஒரு ஷிஃப்ட் வேலைக்கு இது தாராளம். மாற்று பேட்டரியை வாங்கிச் சும்மா போட்டால் சார்ஜ் தானாகவே இறங்கி, தகடுகளில் சல்ஃபேட் படிந்து கெடும்.

தினமும் இரண்டு ஷிஃப்ட் வண்டி ஓடினால் மட்டும் வாங்குங்கள். அப்போது ஸ்டாண்டில் சிக்கனம் பார்க்காதீர்கள். இந்த வகை பேட்டரி முக்கால் டன், அதற்கு மேலும்கூட இருக்கலாம். கூரை உத்தரத்தில் செயின் பிளாக் கட்டி, ஒரே கொக்கியில் இரு சங்கிலி மாட்டித் தூக்குவதைப் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். சங்கிலி சாய்வாக இழுப்பதால் பெட்டியின் பக்கங்கள் உள்நோக்கி நெளியும். செல் உடைந்தால் அமிலம் ஆளின் மேல்தான் கொட்டும். தூக்கித்தான் ஆக வேண்டுமென்றால், நேர்செங்குத்தாக இழுக்கும் குறுக்குச் சட்டம் வேண்டும். சங்கிலி செல் முனைகளில் படவே கூடாது.

சார்ஜ் அறையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. நான் விடுவதாக இல்லை. மூடுபனிக்குப் பயந்து சன்னலை அடைப்பது நம் மலைப் பழக்கம். சார்ஜ் ஏறும்போது வரும் ஹைட்ரஜன், காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே ஒரு தீப்பொறியில் வெடிக்கும். அது மேலே சேரும் வாயு. கூரையை ஒட்டிக் காற்றுப்போக்கி வையுங்கள். அந்த அறை பேக்கிங் பகுதிக்கு அருகில் வேண்டாம். தேயிலை எந்த வாடையையும் இழுத்துக்கொள்ளும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல.

லித்தியம் பேட்டரி என்றால் இடைவேளைகளில் சார்ஜ் ஏற்றிக்கொள்ளலாம், மாற்றும் வேலையே இல்லை. ஆனால் அது எடை குறைவு. ஃபோர்க்லிஃப்டில் பேட்டரியும் எதிர்ப்பாரம்தான், அதாவது முன்னால் தூக்கும் சுமையைச் சமன் செய்யும் எடை. எடை குறைந்தால், சுமையைத் தூக்கும்போது வண்டி முன்பக்கம் கவிழலாம். வண்டியின் தகட்டில் குறைந்தபட்ச பேட்டரி எடை பொறித்திருக்கும். அந்த எடைக்கு ஈடுசெய்து, ஏற்ற சார்ஜரும் தருவதாக விற்பனையாளர் எழுதிக் கொடுத்த பிறகு பணம் கட்டுங்கள்.