"நீங்க உட்காருங்க" – ஒரு கடிதம்

வணக்கம் சார்,

நான் அமெரிக்காவில் செயின்ட் லூயிஸில் பத்து வருடமாக இருக்கிறேன், ஐடி வேலை. போன மாதம் ஒரு சனிக்கிழமை, மகள் படிக்கும் பள்ளியில் சுவருக்குப் பெயிண்ட் அடிக்க ஆள் வேண்டும் என்று பெற்றோரைக் கூப்பிட்டிருந்தார்கள். போனால், எங்களுக்கு முன்னாலேயே நீல டி-ஷர்ட் போட்ட ஒரு முப்பது பேர் வந்து வேலையை ஆரம்பித்திருந்தார்கள். எல்லாரும் ஈராக், ஆப்கானிஸ்தான் போருக்குப் போய் வந்தவர்களாம். அதில் ஒருவருக்கு முழங்காலுக்குக் கீழே செயற்கைக்கால். வெயிலில் நின்று பெயிண்ட் கலக்கிக்கொண்டிருந்தார். எனக்கு மனசு கேட்கவில்லை. வகுப்பறையிலிருந்து ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் "நீங்க உட்காருங்க, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றேன். சிரித்தார். நாற்காலி மேல் பெயிண்ட் டப்பாவை வைத்துவிட்டு என் கையில் ஒரு பிரஷ்ஷைக் கொடுத்தார்.

வேலையை ஒருங்கிணைத்த பெண்மணியிடம் பேசினேன். அவரும் காயம்பட்டு ராணுவத்திலிருந்து வெளியே வந்தவர். 'தி மிஷன் கன்டின்யூஸ்' என்ற அமைப்பின் ஃபெலோஷிப்பில் ஆறு மாதம் வேலை பார்த்துத்தான் மறுபடி மனுஷியானேன் என்றார்.

எனக்கு இதில் ஏதோ உறுத்துகிறது. காலையும் கொடுத்துவிட்டு வந்தவனை, சேவை செய் என்று சுவருக்குப் பெயிண்ட் அடிக்க விடுவது என்ன நியாயம்? சம்பளமில்லாத வேலைக்கு அரசும் முதலாளியும் வைக்கிற செல்லப்பெயர்தான் சேவை என்று நீங்களே முன்பு எழுதியிருக்கிறீர்கள். போதாததற்கு இந்த அமைப்பைத் தொடங்கியவர் பின்னால் அரசியலில் மாட்டி பதவியை விட்டே போனவர். உங்கள் கருத்து என்ன?

கே., செயின்ட் லூயிஸ்

அன்புள்ள கே.,

முதலில் அந்த நாற்காலி. நீங்கள் செய்தது தப்பு என்று சொல்லமாட்டேன், நம் ஊரில் வளர்ந்த யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள், பஸ்ஸில் பெரியவரைப் பார்த்ததும் எழுந்துகொள்கிற மாதிரி. ஆனால் அந்த மனிதர் உங்களுக்கு முன்னால் எத்தனை நாற்காலிகளைப் பார்த்திருப்பார் என்று யோசித்துப் பாருங்கள். ஆஸ்பத்திரியில் ஒன்று, மாமனார் வீட்டில் ஒன்று, சர்ச்சில் முன்வரிசையில் ஒன்று. ஒவ்வொன்றும் அன்போடு போட்டதுதான்.

எனக்கு இது கொஞ்சம் தெரியும். என் தாய்மாமா 1971 போரில் மேற்கு எல்லையில் கண்ணிவெடியில் வலது பாதத்தை இழந்தவர். புனேயில் செயற்கைக்கால் மாட்டி அனுப்பினார்கள். குடியாத்தம் பக்கத்தில் எங்கள் ஊர், பட்டாளத்துக்குப் போகிற ஊர், அதனால் மரியாதைக்குக் குறைவில்லை. பாட்டி அவரை ஒரு குடம் தண்ணீர் இறைக்க விடமாட்டாள். "நீ உட்காருடா சாமி." திண்ணையில் ஒரு மர நாற்காலி. பிள்ளைகளான நாங்கள்கூட அவர் கேட்பதற்கு முன்னால் செம்பில் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுப்போம். இருபத்தாறு வயது ஆள், அப்படியே நாலைந்து வருடம். குடிக்க ஆரம்பித்தார், ராத்திரியில் கத்துவார், அதற்கும் வீட்டில் "பாவம், விடு" என்பார்கள். கோபப்படக்கூட யாரும் அவருக்கு எதிராளியாக இருக்கவில்லை.

பிறகு ஒரு நாள் பக்கத்துத் தெருவிலிருந்து ஒரு பட்டாளத்துக்காரரின் விதவை ஒரு கடிதத்தோடு வந்தாள். பென்ஷன் சம்பந்தமாக வந்த இந்திக் கடிதம். ஊரில் இந்தி படிக்கத் தெரிந்த ஆள் அன்றைக்கு மாமா ஒருத்தர்தான் வீட்டில் இருந்தார். அவர் படித்துச் சொல்லி, பதிலும் எழுதிக் கொடுத்து, அதற்கு மேலும் வேலை நடக்காமல் போக, அந்தக் கட்டைக்காலோடு வேலூருக்கு பஸ் ஏறினார். அதிலிருந்து சாகும்வரை அதுதான் அவர் உத்தியோகம். டிஸ்சார்ஜ் புக்கில் பிறந்த தேதி தப்பாக இருக்கிறது, மனைவி பெயர் விட்டுப்போயிருக்கிறது, நவம்பர் மாதம் ஆயுள் சான்று கொடுக்கவேண்டும் என்று சுற்றுவட்டாரத்தில் எல்லாரும் அவரைத் தேடி வருவார்கள். பைசா வாங்கமாட்டார், ஆனால் ஒரு காகிதம் குறைந்தாலும் வைவார். குடி முழுசாக நின்றது என்று சொல்லமாட்டேன். திண்ணை நாற்காலியில் வந்தவர்கள் உட்கார்ந்தார்கள், அவர் நின்றுகொண்டு அவர்களைத் திட்டுவார்.

சரி, உங்கள் ஊர் விஷயத்துக்கு வருகிறேன். 2007 மார்ச்சில் ஈராக்கில் ஃபலூஜாவில் ஒரு தற்கொலை லாரி குண்டுத் தாக்குதலில் எரிக் க்ரைட்டன்ஸ் என்ற 'சீல்' (அமெரிக்கக் கடற்படையின் சிறப்புப் படை) வீரருக்கு லேசான காயம் பட்டது. ஊர் திரும்பியதும் பெதஸ்டா கடற்படை மருத்துவமனையில் தன்னைவிட மோசமாக அடிபட்டுக் கிடந்தவர்களைப் பார்க்கப் போனார். அடுத்து என்ன செய்வதாக இருக்கிறீர்கள் என்று கேட்டதற்கு, யூனிட்டுக்குத் திரும்பவேண்டும் என்றுதான் அவர்கள் சொன்னார்களாம். அது நடக்காவிட்டால்? ஊருக்குப் போய் ஏதாவது செய்யவேண்டும், பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கவேண்டும் என்கிற மாதிரி பதில்கள். வருகிறவர்கள் எல்லாரும் இவர்களுக்கு நன்றி சொல்லிவிட்டுப் போகிறார்கள், நீ எங்களுக்கு இன்னமும் வேண்டும் என்று ஒருவரும் சொல்வதில்லை, அதுதான் குறை என்று அவர் பின்னால் பல மேடைகளில் பேசினார். தன்னுடைய போர்க்காலச் சம்பளத்தையும், இரண்டு நண்பர்கள் கொடுத்த ஊனமுற்றோர் உதவித்தொகையையும் போட்டு 'தி மிஷன் கன்டின்யூஸ்' அமைப்பைத் தொடங்கினார். பெயர் ராணுவ ரேடியோவில் சொல்கிற 'சார்லி மைக்' என்ற சங்கேதம்தான். வேலையைத் தொடரு என்று அர்த்தம்.

நீங்கள் சனிக்கிழமை பார்த்தது அந்த ஃபெலோஷிப் இல்லை. அது பிளட்டூன் என்று ஊர் ஊருக்குப் பிரித்து, கூட்டமாகச் சேர்ந்து செய்கிற வேலை, 2013 வாக்கில் ஆரம்பித்தது. ஃபெலோஷிப் நடந்த காலத்தில் அதன் சட்டதிட்டம் வேறு. 26 வாரம், வாரத்துக்கு ஏறக்குறைய 20 மணி நேரம், தன் ஊரிலேயே ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை, கைச்செலவுக்கு உதவித்தொகை. எந்த நிறுவனம் என்பதை விண்ணப்பிக்கிறவரே தேடிக்கொள்ளவேண்டியிருந்தது. முடிக்கும்போது மூன்றில் ஒன்றுக்குப் போயிருக்கவேண்டும் என்பது குறியாக இருந்தது: முழுநேர வேலை, முழுநேரப் படிப்பு, இல்லாவிட்டால் தொடர்ந்து செய்கிற ஒரு சேவைப் பொறுப்பு. ஆகவே சம்பளமில்லாத வேலை என்று நீங்கள் சொல்வது முழுக்கச் சரியில்லை. பெரிய பணம் என்று நானும் சொல்லவில்லை. காலை எட்டு மணிக்கு எழுந்து போகவேண்டிய இடம் ஒன்று இருந்தது, போகாவிட்டால் யாரோ போன் போட்டு ஏன் வரவில்லை என்று கேட்பார்கள். வீட்டில் மாத்திரை தின்றுகொண்டு கிடக்கிறவனுக்கு அந்த போன் எவ்வளவு பெரிது என்பது என் மாமாவைப் பார்க்காமல் இருந்திருந்தால் எனக்கும் புரிந்திருக்காது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். அமெரிக்காவில் காயம்பட்ட வீரனுக்கு அரசு கொடுக்கிற அடையாளம் ஒரு சதவீதம். பத்து பத்தாக ஏறும், 0 முதல் 100 வரை. அதிலும் ஒரு விசித்திரக் கணக்கு உண்டு: ஒரு காயத்துக்கு 50, இன்னொன்றுக்கு 50 என்றால் கூட்டி 100 வராது. முதல் காயம் போக மீதி இருக்கிற ஆளில் பாதி என்று கணக்குப் போட்டு 75 ஆக்கி, அதை அடுத்த பத்துக்கு ஏற்றி 80 என்பார்கள். உதவித்தொகை இந்த எண்ணைப் பொறுத்தது, அதனால் தன்னால் என்னென்ன முடியாது என்பதைத்தான் அந்த ஆள் வருடக்கணக்கில் திரும்பத் திரும்ப நிரூபித்துக்கொண்டிருக்கவேண்டும். மருத்துவரிடம், அதிகாரியிடம், மேல்முறையீட்டில். அந்தப் பணம் அவர்களுடைய உரிமை, ஒரு சென்ட்கூடக் குறையக் கூடாது. ஆனால் உன்னால் என்ன முடியும் என்று கேட்டு விண்ணப்பம் வாங்குகிற ஒரே இடம் அந்த ஃபெலோஷிப்பாக இருந்திருக்கும் சிலருக்கு. அந்தப் பெண்மணி மறுபடி மனுஷியானேன் என்று சொன்னதை நான் இந்த அர்த்தத்தில்தான் எடுத்துக்கொள்கிறேன்.

உங்கள் உறுத்தலில் நியாயமே இல்லையா என்றால், இருக்கிறது. அந்த அமைப்பு பிறந்த அதே 2007-ல், பிப்ரவரியில்தான் வாஷிங்டனில் வால்டர் ரீட் ராணுவ மருத்துவமனையின் லட்சணம் பத்திரிகையில் வெளியானது. ஈராக்கிலிருந்து வந்த காயம்பட்டவர்களை எலியும் பூஞ்சையும் பிடித்த கட்டடத்தில் வைத்திருந்தார்கள். தரைப்படைத் துறையின் செயலரே பதவி விலகவேண்டி வந்தது. அப்படிப்பட்ட அரசு வந்து "வாருங்கள், சேவை செய்யலாம்" என்று சொன்னால் பிரஷ்ஷைத் தூக்கி அதன் முகத்தில் எறியலாம், தப்பில்லை. தரவேண்டியதைத் தந்துவிட்டுத்தான் கேட்கவேண்டும். இங்கே கேட்டது அரசு இல்லை, கூடச் சண்டை போட்டவர்கள் என்பதால் எனக்கு அந்தக் கோபம் வரவில்லை.

சேவை எல்லாவற்றையும் குணப்படுத்திவிடும் என்று நம்புகிறவனும் இல்லை நான். க்ளே ஹன்ட் என்று ஒரு மரைன் படைவீரர். ஈராக்கில் மணிக்கட்டில் குண்டு பட்டவர், அப்புறம் ஆப்கானிஸ்தானுக்கும் போனார். 2010 ஹைதி நிலநடுக்கத்தில் முன்னாள் வீரர்கள் சேர்ந்து 'டீம் ரூபிகான்' என்று கிளம்பினார்களே, அதில் இவரும் போனார். ஓடி ஓடி உழைத்த ஆள். 2011 மார்ச்சில் 28 வயதில் தற்கொலை செய்துகொண்டார். மனநோய்க்கு அரசு அவருக்குப் போட்டிருந்த எண் 30 சதவீதம். அவர் செய்திருந்த மேல்முறையீடு ஏற்கப்பட்டு 100 சதவீதம் என்று தீர்ப்பு வந்தது, அவர் இறந்து ஐந்து வாரம் கழித்து. 2015-ல் அவர் பெயரில் ஒரு தற்கொலைத் தடுப்புச் சட்டமே வந்தது. ஆக, மருத்துவமும் பணமும் நேரத்துக்கு வராத இடத்தில் சேவை மட்டும் தாங்கிப் பிடிக்காது. இன்னொரு குறையும் உண்டு, விண்ணப்பம் எழுதுகிற அளவுக்காவது எழுந்து உட்கார முடிகிறவர்தான் ஃபெலோஷிப்புக்கு வருவார். கட்டிலை விட்டே இறங்காதவரை அது எட்டாது.

தொடங்கியவரைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். க்ரைட்டன்ஸ் 2014-ல் அமைப்பின் பொறுப்பிலிருந்து விலகி, 2017-ல் உங்கள் மிசூரிக்கே ஆளுநராகி, அடுத்த வருடம் ஜூனில் பதவி விலகினார். அமைப்புக்கு நன்கொடை கொடுத்தவர்களின் பட்டியலைத் தேர்தல் நிதி திரட்டப் பயன்படுத்தியதும் அந்த விவகாரங்களில் ஒன்று. அதைக் கணக்கில் காட்டாததற்கு மாநில நெறிமுறை ஆணையம் அவருடைய பிரச்சாரக் குழுவுக்கு அபராதம் போட்டது. எனக்கு அந்த ஆளைப் பற்றிச் சொல்ல நல்ல வார்த்தை ஒன்றும் இல்லை, காயம்பட்டவர்களின் பெயரில் வந்த முகவரிகளை ஓட்டுக்குத் திருப்புவது அற்பம். ஆனால் கோயிலைக் கட்டிய ஜமீன் எப்படிப்பட்டவன் என்று பார்த்தா நாம் குளத்தில் தண்ணீர் மொள்கிறோம்? அவர் போன பிறகும் அந்த முப்பது பேர் சனிக்கிழமை காலையில் வந்திருக்கிறார்கள்.

இந்த யோசனையே அவருடையது என்றும் சொல்லிவிட முடியாது. மாக்ஸ் க்ளீலண்ட் வியட்நாமில் 1968-ல் இரண்டு காலையும் வலது கையையும் இழந்தவர். 1977-ல் ஜிம்மி கார்ட்டர் அவரை முன்னாள் படைவீரர் துறைக்கே தலைவராக்கினார், அப்போது வயது 34. அவர் காலத்தில்தான், 1979-ல், 'வெட் சென்டர்' என்று தெருமுனை ஆலோசனை மையங்கள் வந்தன. ஆஸ்பத்திரி வாசலையே மிதிக்க மறுத்த வியட்நாம் ஆட்கள், தங்களைப் போலவே போருக்குப் போனவர் எதிரே உட்கார்ந்திருந்தால் பேசுவார்கள் என்ற கணக்கு. இன்றும் நடக்கின்றன. அந்த மனிதரை ஒரு நாற்காலியில் உட்காரவைத்து மாலை போட்டு அனுப்பியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள்.

சேவை பற்றி நான் முன்பு எழுதியதை வாபஸ் வாங்கவில்லை. துப்புரவுத் தொழிலாளிக்குக் கூலியைக் குறைத்துவிட்டுச் சேவை என்று பட்டம் கொடுப்பதைப் பற்றித்தான் அதில் எழுதியிருந்தேன். நீங்கள் அதை உங்கள் பள்ளிச் சுவரில் கொண்டுபோய் ஒட்டிவிட்டீர்கள், அதற்கு நான் அவசரமாக எழுதியதும் ஒரு காரணம்.

ஒன்று கேட்க மறந்துவிட்டேன். அவர் பிரஷ்ஷைக் கொடுத்தார், சரி. நீங்கள் அடித்தீர்களா? கடிதத்தில் அதைச் சொல்லவே இல்லையே.