ப்ளஸ் ஒன் இயக்க விதிகள்: மாட்டிக்கிட்ட கணக்கெல்லாம் கொண்டாங்க

ப்ளஸ் ஒன் பிசிக்ஸ் மூணாவது யூனிட் ஹோம்வொர்க்ல முட்டி நிக்கிறவங்க கேளுங்க, ஒண்ணு ஒண்ணா பாக்கலாம். விடை தப்பா வருதுன்னு மட்டும் சொல்லாம நீங்க போட்ட ஸ்டெப்பையும் சேத்து எழுதுங்க, எங்க சறுக்குதுன்னு அப்பதான் தெரியும். ஜி (புவியீர்ப்பு முடுக்கம்) எல்லாத்துக்கும் 10, சும்மா 9.8 போட்டு மல்லுக்கட்ட வேணாம்.

கேள்வி: அக்கா, 10 கிலோ பெட்டி தரையில இருக்கு, நிலை உராய்வுக் குணகம் 0.5, கிடையா 30 நியூட்டன்ல தள்ளுறோம். உராய்வு விசை எவ்ளோ? மியூ (அந்தக் குணகம்) இன்ட்டு எம்ஜி (நிறை இன்ட்டு ஜி) போட்டா 50 வருது, புக் பின்னாடி 30ன்னு இருக்கு. பிரிண்ட் மிஸ்டேக்கா?

பதில்: இல்லப்பா, புக் கரெக்ட். 50ன்னே வெச்சுப்போம், என்ன ஆகும்னு பாரு. நீ முன்னாடி 30ல தள்ளுற, தரை பின்னாடி 50ல தள்ளுது, மிச்சம் 20, பெட்டி 10 கிலோ, அப்போ பெட்டி உன்னைய நோக்கி 2 முடுக்கத்துல வரணும். தள்ளுனவன் மேலயே வந்து ஏறுற பெட்டிய எங்கயாவது பாத்திருக்கியா? 50ங்கிறது அதிகபட்சம் மட்டும்தான். அதுக்குள்ள நீ 10 குடுத்தா 10 திரும்பி வரும், 49 குடுத்தா 49. 50 தாண்டி பெட்டி நகர ஆரம்பிச்சதும் இயக்க உராய்வுக் குணகத்துக்கு மாறணும், அது பொதுவா கொஞ்சம் கம்மியா இருக்கும்.

கேள்வி: அப்ப தள்ளவே இல்லன்னா?

பதில்: ஜீரோ. உராய்வுக்கு தடுக்கறதுக்கு ஒண்ணும் இல்லையே.

கேள்வி: 50 கிலோ ஆள் லிஃப்ட்ல இருக்காரு, லிஃப்ட் கீழ வந்துட்டு இருக்கு, வேகம் செகண்டுக்கு 2 மீட்டர் வீதம் குறையுது. தோற்ற எடை எவ்ளோ? கீழ வர்ற லிஃப்டுக்கு எம் இன்ட்டு (ஜி மைனஸ் முடுக்கம்)னு மிஸ் குடுத்த ஃபார்முலா, அதுல 400 வந்துச்சு.

பதில்: 600. இந்த கணக்கு போட்டவருக்கு நீங்க எல்லாம் 400ன்னு எழுதுவீங்கன்னு நல்லாவே தெரியும். லிஃப்ட் மேல போகுதா கீழ போகுதாங்கிறது இங்க வேணவே வேணாம், முடுக்கம் எந்தப் பக்கம்னு மட்டும் கேளுங்க. கீழ வர்ற வேகம் குறையுதுன்னா முடுக்கம் மேல பாத்து இருக்கு. இப்ப அந்த ஆள் மேல என்னென்ன விசை? கீழ 500, மேல தரை குடுக்குற நார்மல், அவ்ளோதான். நார்மல் மைனஸ் 500 ஈக்வல் டு 50 இன்ட்டு 2. நார்மல் 600, தோற்ற எடைங்கிறது அதான். கிரவுண்ட் ஃப்ளோர் வந்து நிக்கிறப்போ காலு லேசா அழுந்தும் பாருங்க, அந்த 100 நியூட்டன்தான் அது. சீரான வேகத்துல வந்தா 500, கயிறு அறுந்துட்டா ஜீரோ. நாலு கேஸுக்கு நாலு ஃபார்முலா மனப்பாடம் பண்றது எனக்கு சுத்தமா பிடிக்காது, ஒரே சமன்பாடுதான், முடுக்கத்தோட குறி மட்டும் மாறும்.

கேள்வி: 10 கிலோ பெட்டிய கயித்துல கட்டி கிடைமட்டத்துக்கு 30 டிகிரி மேல 40 நியூட்டன்ல இழுக்குறாங்க, இயக்க உராய்வுக் குணகம் 0.25. எனக்கு முடுக்கம் 0.96, ஃப்ரெண்டுக்கு 1.46. நார்மல் எம்ஜி தானே, 100 தானே?

பதில்: உங்க ஃப்ரெண்டுதான் கரெக்ட். இந்த "நார்மல் எம்ஜி தானே"ங்கிறது இருக்கே, இந்த சாப்டர்ல பாதி மார்க் அங்கதான் போகுது. நார்மல் அப்படி ஒரு ரெடிமேட் நம்பர் கிடையாது, மேல கீழ இருக்குற விசையெல்லாம் போட்டு ஒவ்வொரு தடவையும் கண்டுபிடிக்க வேண்டிய ஒண்ணு. முன்னாடி பாத்த லிஃப்ட் கணக்குலயும் அதேதான நடந்துச்சு. சரி இப்ப கயிறு சாய்வா மேல இழுக்குது, அதோட மேல் கூறு 40 சைன் 30, அதாவது 20. பெட்டியோட எடையில 20ஐ கயிறே தாங்கிக்குது, தரைக்கு மிச்சம் 80தான். உராய்வு 0.25 இன்ட்டு 80, 20 நியூட்டன். முன்னாடி இழுக்குற கூறு 40 காஸ் 30, அது 34.6. மிச்சம் 14.6, பத்தால வகுத்தா 1.46. இதையே அதே கோணத்துல மேல இருந்து கீழ அழுத்தி தள்ளுனா நார்மல் 120 ஆயிடும், உராய்வு 30, முடுக்கம் வெறும் 0.46. இழுக்கறது ஈஸியா தள்ளறது ஈஸியான்னு தியரில கேப்பாங்களே, அதுக்கு இந்த ரெண்டு நம்பரையும் போட்டு காமிச்சாலே போதும்.

கேள்வி: மேடம், பொண்ணு ஒன்பதாவது படிக்கிறா. குதிரை வண்டிய இழுத்தா வண்டியும் அதே அளவு குதிரைய பின்னாடி இழுக்குதுல்ல, ரெண்டும் கேன்சல் ஆகி வண்டி நகரவே கூடாதேன்னு கேக்குறா. எனக்கு பதில் சொல்ல தெரியல.

பதில்: சார், நல்ல கேள்வி கேக்குற பொண்ணு, திட்டிடாதீங்க. கேன்சல் ஆகணும்னா ரெண்டு விசையும் ஒரே பொருள் மேல இருக்கணும். இங்க ஒண்ணு வண்டி மேல, இன்னொண்ணு குதிரை மேல. ஒரு பேப்பர்ல வண்டிய மட்டும் தனியா வரைய சொல்லுங்க, அது மேல முன்னாடி குதிரையோட இழுப்பு, பின்னாடி சக்கரத்துல வர்ற தடை, முதல்ல சொன்னது பெருசா இருந்தா வண்டி கிளம்பும். அடுத்து குதிரைய மட்டும் வரைய சொல்லுங்க. குதிரை தரைய பின்னாடி உதைக்குது, தரை குதிரைய முன்னாடி தள்ளுது, அது வண்டியோட இழுப்ப விட அதிகமா இருக்கணும். வழவழன்னு எண்ணெய் கொட்டின தரையில நிக்க வெச்சா எவ்ளோ பலமான குதிரையா இருந்தாலும் ஒண்ணும் நடக்காது. நியூட்டன் 1687ல இந்த மூணாவது விதிய எழுதுனப்போ அவரே கயித்துல கட்டின கல்ல இழுக்குற குதிரையத்தான் உதாரணமா சொல்லியிருக்காரு.

கேள்வி: மேல எறிஞ்ச பந்து உச்சிக்கு போனதும் வேகம் ஜீரோ, அப்ப முடுக்கமும் ஜீரோ தானே?

பதில்: இல்ல. ஜீரோவா இருந்தா பந்து அங்கயே தொங்கிட்டு இருக்கும், கீழ வராது. போறப்பவும், உச்சியிலயும், வர்றப்பவும் கீழ் நோக்கி அதே 10.

கேள்வி: லோடு ஏத்துன லாரி, காலி லாரி, ரெண்டும் 72 கிலோமீட்டர் வேகம், டயர் லாக் ஆகுற மாதிரி பிரேக், குணகம் 0.5. நிறையே குடுக்கல, எப்படி போடுறது?

பதில்: தேவையில்ல, அதான் குடுக்கல. உராய்வு மியூ எம்ஜி (சமதளம், சாய்வா எதுவும் இழுக்கல, அதனால இங்க நார்மல எம்ஜின்னு வெச்சுக்கலாம்), அத எம்மால வகுத்தா எம் அடிபட்டு எதிர்முடுக்கம் 5. 72ஐ 5/18ஆல பெருக்கு, 20 மீட்டர் பர் செகண்ட். வேகத்தோட வர்க்கம் 400, ரெண்டு இன்ட்டு 5ஆல வகுத்தா 40 மீட்டர், ரெண்டு லாரிக்கும். இதையே 36ல வந்திருந்தா 10 மீட்டர்லயே நின்னிருக்கும், வேகம் பாதி, தூரம் கால்வாசி. கணக்குல வராத ஒண்ணு, டிரைவர் பாத்து பிரேக்ல கால் வைக்க ஒரு செகண்ட் ஆனாலே 72ல 20 மீட்டர் போயிடும். லோடு லாரிய அப்படி டயர் லாக் ஆகுற அளவுக்கு பிடிக்க பிரேக்குக்கு தெம்பு இருக்கணும்ங்கிறதும் தனி கதை, அத எக்ஸாம்ல எழுதிட்டு இருக்காத.

கேள்வி: அக்கா நான் நீட் ரிப்பீட்டர். கப்பி கணக்கு, ஒரு பக்கம் 6 கிலோ இன்னொரு பக்கம் 4 கிலோ. முடுக்கம் 2 சரியா வந்துடுச்சு. இழுவிசைக்கு 60 மைனஸ் 40, 20ன்னு போட்டேன், ஆப்ஷன்லயே இல்ல.

பதில்: 20ங்கிறது மொத்த சிஸ்டத்தையும் நகர்த்துற நிகர விசை, கயித்தோட இழுவிசை இல்ல. 4 கிலோவ மட்டும் தனியா எடு, அது மேல போகுது, அதுக்கு இழுவிசை 40ஐ விட அதிகமா இருந்தாகணும், அப்ப 20 எப்படி வரும்? இழுவிசை மைனஸ் 40 ஈக்வல் டு 4 இன்ட்டு 2, 48. சரிபாக்க 6 கிலோ பக்கம் போ, 60 மைனஸ் 48, 12, ஆறால வகுத்தா அதே 2. இழுவிசை எப்பவும் 40க்கும் 60க்கும் நடுவுலதான் விழும், எக்ஸாம்ல டைம் இல்லன்னா அத வெச்சே ரெண்டு ஆப்ஷன் அடிச்சிடலாம். அட்வுட்னு ஒரு கேம்பிரிட்ஜ்காரர் 1784ல இந்த கருவிய பத்தி எழுதுனாரு, நேரா விழுற பொருள அந்தக்கால கடிகாரத்த வெச்சு அளக்குறது கஷ்டம், ரெண்டு பக்கமும் கிட்டத்தட்ட சமமா எடைய தொங்கவிட்டா மெதுவா இறங்கும், நிதானமா அளக்கலாம். உன் கணக்குல 6க்கு பதிலா 4.1 போட்டு பாரு, முடுக்கம் 0.12 பக்கத்துல வரும், ஒரு மீட்டர் இறங்கவே 4 செகண்ட் ஆகும்.