கல்வித் தகுதி என்ற கட்டம்

கேள்வி: ஆசிரியர் அம்மாவுக்கு வணக்கம். பாயான் லெப்பாசில் மின்னணுத் தொழிற்சாலையில் பன்னிரண்டு மணி நேர ஷிப்டு பார்க்கிறேன். வயது 36. ஓய்வு நாள்களில் லிட்டில் இந்தியாவில் உட்கார்ந்து நீர்வண்ணத்தில் வரைகிறேன். ஜார்ஜ்டவுனில் ஒரு கூட்டுக் கண்காட்சிக்கு இரண்டு படம் கேட்டிருக்கிறார்கள். கடைசி நாள் இந்த மாதம் 28. பாரத்தில் ‘கல்வித் தகுதி’ என்ற கட்டத்தில் எழுத என்னிடம் ஒன்றுமில்லை. எஸ்.பி.எம். பள்ளித் தேர்வு முடித்ததும் வேலைக்கு வந்தவன். விளம்பரப் பலகை எழுதும் மாமாவுக்குப் பள்ளி நாள்களில் ஐந்தாறு வருடம் கூடமாட உதவியதோடு சரி. மூன்று வாரமாகப் பாரம் மேசையிலேயே கிடக்கிறது. முறையாகப் படிக்காத நான் என்னை ஓவியன் என்று சொல்லிக்கொள்ளலாமா? பெயர் போட வேண்டாம்.
– வாசகர், பினாங்கு

பதில்: தம்பி, நான் ‘சொல்லிக்கொள்ளலாம்’ என்றால் உங்களுக்கு ஒரு வாரம் தெம்பாக இருக்கும். அடுத்த வாரம் வேறு யாரிடமாவது இதையே கேட்பீர்கள். அதனால் உங்கள் கேள்வியை ஓரமாக வைத்துவிட்டு, கடிதத்தோடு நீங்கள் அனுப்பிய மூன்று படங்களைத்தான் இரண்டு நாளாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதல் படம் லெபோ குவின் மாரியம்மன் கோயில் கோபுரம். சிலைகளை ஒவ்வொன்றாக எண்ணி எண்ணி வரையாமல், வெயில் விழும் பக்கத்தை வெறும் தாளாகவே விட்டிருக்கிறீர்கள். நீர்வண்ணத்தில் வெள்ளை என்பது தாள்தான், அதைத் தொடாமல் விடக் கை பழக வேண்டும். உங்கள் கை பழகியிருக்கிறது. இரண்டாவது படம் லெபோ பாசாரில் சாய்கோணத்தில் தெரியும் கடை வரிசை. அதில்தான் நான் நின்றுபோனேன். தூரம் போகப் போகச் சிறுத்துக்கொண்டே போகும் பெயர்ப்பலகைகளில் தமிழ் எழுத்துகளின் இடைவெளி ஓரிடத்தில்கூடப் பிசகவில்லை. ‘ட’வுக்கு வலப்பக்கம் திறந்து கிடக்கும், ‘ப’வுக்குத் தலை திறந்து கிடக்கும், ‘ணை’ இரண்டு ஆள் இடம் கேட்கும். இதை அளவுகோல் வைத்துப் பிரிக்க முடியாது, கண்தான் பிரிக்க வேண்டும். நூலில் சுண்ணப்பொடி தடவிப் பலகையில் தட்டிக் கோடு விழவைப்பது, நடுங்காமல் இருக்கக் கையைக் குச்சியில் ஊன்றிக்கொள்வது, எனாமல் இறுகும் முன் வளைவை ஒரே இழுப்பில் முடிப்பது, இதையெல்லாம் மாமாவின் பக்கத்தில் நின்று பார்த்தவர் நீங்கள். அந்த ஐந்தாறு வருடத்தைத்தான் ‘கூடமாட உதவியதோடு சரி’ என்று ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். எனக்கு வருத்தமாக இருந்தது. நீங்கள் பயிற்சி இல்லாதவர் அல்ல. உங்களுக்குக் கற்றுக்கொடுத்தவரைக் கணக்கில் சேர்க்காதவர்.

உங்கள் ஊரிலேயே இதற்கு முன்னோடிகள் இருக்கிறார்கள். கூச்சிங்கில் 1896இல் பிறந்து பினாங்கில் குடியேறிய யோங் முன் சென் புகைப்படக் கடை வைத்துப் பிழைத்தவர். முறையான ஓவியக் கல்வி இல்லாமல்தான் தென்னைகளையும் மீனவர்களையும் நீர்வண்ணத்தில் வரைந்தார். மலேசிய ஓவியத்தின் தந்தை என்று இன்று அவரைச் சொல்கிறோம். ஆயர் ஈத்தாமில் ஜாலான் அப்துல்லா அரிப் வழியாகப் போயிருப்பீர்கள். அந்தப் பெயருக்குரிய ஓவியர் பெரும்பாலும் தானாகக் கற்றுக்கொண்டு, பள்ளியில் ஓவிய ஆசிரியராகவும் பத்திரிகைக்குக் கேலிச்சித்திரம் போடுபவராகவும் இருந்தவர். சாலையில் அந்தப் பெயரைப் படிக்கிற யாரும் அவர் எந்தக் கல்லூரி என்று கேட்பதில்லை.

இதைச் சொன்னதும் எதிர்ப்பக்கம் சாய்ந்துவிடாதீர்கள். ‘நான் யாரிடமும் படிக்கவில்லை, எல்லாம் பிறவியிலேயே வந்தது’ என்று நெஞ்சு நிமிர்த்தும் இளைஞர்களும் எனக்குக் கடிதம் எழுதுகிறார்கள். ‘சித்திரமும் கைப்பழக்கம்’ என்ற வெண்பாவை நாம் எல்லோரும் முதல் அடியோடு நிறுத்திவிடுகிறோம். பிறவிக் குணம் என்று அதன் முடிவில் ஔவை தனியே எடுத்து வைப்பது நட்பையும் தயையையும் கொடையையும் மட்டும்தான். சித்திரத்துக்கு அந்த வரிசையில் இடமில்லை. அழகன்குளத்தில் பிறந்து பினாங்கில் வளர்ந்த ஓவியர் சையத் தாஜுதீன் கடல் கடந்து போய்ச் சென்னை அரசு ஓவியக் கல்லூரியில் ஆண்டுக்கணக்கில் படித்தார். அந்தப் படிப்பு அவருக்கு எதைக் கொடுத்தது என்று அவருடைய மனித உருவங்களைப் பார்த்தாலே தெரியும். கல்லூரிப் படிப்பை நான் ஒருநாளும் குறைத்துப் பேச மாட்டேன்.

ஆனால் கல்லூரியில் கிடைப்பது எது? சான்றிதழ் கடைசி நாளில் கிடைப்பது. அதற்கு முந்தைய நாள்களில் எல்லாம் தோளுக்குப் பின்னால் ஒருவர் நின்று ‘இந்தக் கை உடம்போடு ஒட்டவில்லை’ என்று சொல்வதும், பக்கத்துப் பலகைக்காரன் உங்களைவிட நன்றாக வரைவதும், வெள்ளிக்கிழமைக்குள் முடித்தாக வேண்டும் என்ற நெருக்கடியும்தான் கிடைக்கின்றன. உங்களுக்கு இல்லாமல் போனது இந்த மூன்றும். பட்டம் போனதற்கு நீங்கள் வருந்துகிறீர்கள், இந்த மூன்றுக்கும் வருந்தியதாகக் கடிதத்தில் ஒரு சொல் இல்லை. கோலாலம்பூரில் 1952இல் பீட்டர் ஹாரிஸ் தொடங்கிய புதன்கிழமை ஓவியக் குழு வாரத்தில் ஒருநாள் கூடி வரைந்தது. நாட்டின் முக்கியமான ஓவியர்கள் சிலர் அதிலிருந்து வந்தார்கள். பினாங்கில் உங்களைப் போல ஞாயிற்றுக்கிழமை பலகையும் நாற்காலியுமாக உட்கார்கிறவர்களைத் தெருவில் பார்க்கிறீர்கள் அல்லவா? அவர்கள் பக்கத்தில் போய் உட்காருங்கள். முடித்த படத்தைக் காட்டி, எங்கே கண் இடறுகிறது என்று கேளுங்கள். நன்றாக இருக்கிறதா என்று மட்டும் கேட்காதீர்கள். அதற்கு எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார்கள்.

நான் இப்போதே ஒன்று சொல்லிவிடுகிறேன். மூன்றாவது படத்தில் பூக்கார அம்மா தரையில் நிற்கவில்லை, ஒட்டிய படம்போல மிதக்கிறார். காலடியில் நிழல் இல்லாததுதான் காரணம். பதினொரு மணி வெயிலில் கடைகளின் முன்னால் கூரைக்கடியில் ஓடும் ஐந்தடி நடைபாதைக்குள் இருட்டும் தெருவில் கண்ணைப் பறிக்கும் வெளிச்சமுமாக இருக்கும். நீங்கள் இரண்டையும் ஒரே அழுத்தத்தில் போட்டிருக்கிறீர்கள். ஒரு மாதம் எல்லா வண்ணத்தையும் மூடி வைத்துவிட்டுப் பழுப்பு ஒன்றை மட்டும் எடுத்து, வெளிச்சம், நடுத்தரம், இருட்டு என்று மூன்று அளவில் பத்து நிமிடப் படம் போடுங்கள். ஷிப்டு முடிந்து பசியாறும் கடையிலேயே போடலாம். அந்த அம்மாவின் சேலை மடிப்பு கலங்கிச் சேறாகியிருக்கிறதே, அது நம் ஊர் ஈரக்காற்றின் வேலை. தாள் காயும் முன் அடுத்த பூச்சை ஏற்றிவிட்டீர்கள். இன்னும் கால் மணி நேரம் பொறுத்திருக்கலாம். ‘நான் ஓவியனா’ என்ற சந்தேகத்தை வைத்துக்கொண்டு இந்த மடிப்பைத் திருத்த முடியாது. ‘இந்த மடிப்பு சரியா’ என்ற சந்தேகம் எத்தனை வேண்டுமானாலும் வரட்டும்.

இந்த இதழுக்குப் படம் போடுகிற எவரிடமும் நான் சான்றிதழ் கேட்டதில்லை. கெடுவுக்குள் வருமா என்று கேட்டிருக்கிறேன்.

பெயரை நீங்கள் சொன்னபடியே விட்டுவிட்டேன். ஆனால் படத்தின் மூலையிலும் பெயர் இல்லை, மூன்றிலுமே. மாமா எழுதிய பலகையின் அடியில் அவர் பெயர் சிறியதாக இருந்ததா என்று நினைத்துப் பாருங்கள். கட்டத்தில் ‘விளம்பரப் பலகைப் பட்டறை, மாமாவிடம் ஐந்தாறு ஆண்டு’ என்று எழுதுங்கள். கோபுரத்தையும் கடை வரிசையையும் பெயர் போட்டு அனுப்புங்கள். பூக்கார அம்மா வேண்டாம், அவரை மறுபடி வரையுங்கள். இதழ் உங்கள் கைக்கு வரும்போது 28க்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கும்.