சைக்கிள் கேள்வி பதில்: லாரி சத்தமே இல்லாத பிரான்ஸ் ரோடு

போன இதழ்ல பிரான்ஸ் கிராமத்துப் பக்கம் வண்டியே வராத ரோட்ல நாள் கணக்கா சைக்கிள் ஓட்டலாம்னு ஒரு பத்தி எழுதியிருந்தேன். அதுக்கு வந்த கேள்விங்கள்ல பாதிக்கு மேல வடசென்னை. அதனால இந்த தடவை முழுக்க அதுக்கே.

அண்ணா, நான் திருவொற்றியூர். விடியக்காலம் சைக்கிள் எடுத்தாலும் எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்ல ஹார்பர் கண்டெய்னர் ட்ரெய்லருங்க வரிசை கட்டி நிக்குது. நடுவுல பூந்து வர்றதுக்குள்ள உயிர் போயி உயிர் வருது. அங்க மட்டும் எப்படிண்ணா வண்டியே வராத ரோடு? சைக்கிளுக்குன்னே போட்டாங்களா?

சைக்கிளுக்குன்னு போடல தம்பி, ரயிலுக்குப் போட்டது. 1870-கள் கடைசில ஃப்ரேசினேன்னு ஒரு பொதுப்பணித்துறை அமைச்சர் இருந்தாரு, சின்ன ஊருக்கெல்லாம் ரயில் போகணும்னு 1879-ல பெரிய திட்டம் கொண்டு வந்தாரு, நாடு முழுக்க குட்டி குட்டி லைன் போட்டாங்க. அப்புறம் பஸ்ஸும் காரும் வந்து கூட்டம் குறைஞ்சு ஒவ்வொரு லைனா மூடிட்டாங்க. தண்டவாளத்தை எடுத்துட்டாலும் நெலம் நீளமா துண்டாகாம அப்படியே கெடந்துச்சு, அதை வாங்கி தார் போட்டு சைக்கிளுக்கும் நடக்கறவங்களுக்கும் விட்டாங்க. அதுக்குப் பேரு வ்வா வெர்த், பச்சை வழி. முதல்ல வந்தது பர்கண்டி பக்கம் ஜிவ்ரிலேர்ந்து க்ளூனி வரைக்கும் 44 கிலோமீட்டர், 1997-ல. 2004-ல ட்ராஃபிக் சட்டத்துலயே சேர்த்துட்டாங்க, மோட்டார் வண்டி உள்ள வரக்கூடாது. நீல போர்டுல நடக்கற ஆளு, சைக்கிள் படம் இருக்கும், அதைப் பார்த்தா அதான் வழி. சில எடத்துல குதிரையும் வரும், வந்தா மெதுவா, சத்தம் குடுத்துட்டு தாண்டணும்.

இதுல எனக்கு ரொம்பப் புடிச்ச விஷயம் என்னன்னா மேடு. ரயிலால செங்குத்தா ஏற முடியாது, அதனால அந்தக் காலத்துலயே மலையை வெட்டி, பள்ளத்துக்குப் பாலம் கட்டி, முடியாத எடத்துல குகை குடைஞ்சு லெவல் பண்ணி வெச்சிருக்காங்க. அதனால திராட்சைத் தோட்டக் குன்றுங்க ரெண்டு பக்கமும் ஏறி எறங்கும், நீங்க மட்டும் நடுவுல சமமா போயிட்டே இருப்பீங்க. க்ளூனிக்கும் மாக்கோனுக்கும் நடுவுல புவா க்ளேர்னு ஒரு குகை, ஒன்றரை கிலோமீட்டருக்கும் மேல, வெளிய எவ்ளோ வெயில் அடிச்சாலும் உள்ள குளிரும், ஒரு ஜாக்கெட் கைக்கெட்டற மாதிரி வெச்சுக்கோங்க. குளிர்காலத்துல அதை மூடிடுவாங்க, வௌவாலுங்க தூங்கற நேரம்னு. ஒரு உசுருக்காக வழியை மூடி, மேல மலைப்பக்கமா சுத்திப் போன்னு சொல்ற ஊரு, எனக்கு அந்த மரியாதை ரொம்பப் புடிக்கும்.

ஆனா ஒண்ணு தம்பி, இந்தப் பச்சை வழியை மட்டும் நம்பிப் போகாதீங்க. நேரா போயிட்டே இருக்கும், ரெண்டு நாள்ல அலுத்துடும். உண்மையான சுகம் கிராமத்து சின்ன ரோட்லதான். நீளதூர வண்டியெல்லாம் மோட்டார்வேக்கும் நேஷனல் ரோட்டுக்கும் போயிடும், கிராமத்துல இருந்த ஜனமும் தலைமுறை தலைமுறையா டவுனுக்குப் போயிடுச்சு, ஆனா ரோடு மட்டும் அப்படியே இருக்கு, அதுவும் நல்ல தார் ரோடு. ஒரு டிராக்டர், போஸ்ட் ஆபீஸோட மஞ்சள் வேன், அவ்ளோதான். மிஷ்லின் மேப் வாங்குங்க, அதுல செவப்பு ரோடு வேணாம், மஞ்சள் அவசரத்துக்கு, வெள்ளையா இருக்கறதுதான் நம்ம ரோடு. பக்கத்துல பச்சைக் கோடு போட்டிருந்தா பார்க்க அழகா இருக்கும்னு அர்த்தம். அப்படியே கார் வந்தாலும் ஊருக்கு வெளிய சைக்கிளைத் தாண்ட ஒன்றரை மீட்டர் விடணும்ங்கறது சட்டம், அதுக்காக நடுக்கோட்டைத் தாண்டிப் போறதுக்கே 2015-லேர்ந்து அனுமதி இருக்கு. பின்னாடி பொறுமையா வருவாங்க, ஹாரன் அடிக்க மாட்டாங்க. நம்ம பக்கத்துல முதுகுல லாரி மூச்சு படற மாதிரி ஓட்டிப் பழகினவங்களுக்கு தோள் எறங்கவே கொஞ்ச நேரம் ஆகும்.

தம்பி, ராயபுரத்துலேர்ந்து எழுதறேன். 56 வயசு. பையன் துலூஸ்ல வேலை பார்க்கறான், பேரனுக்கு எட்டு வயசு. சைக்கிள் நல்லாவே ஓட்டுவேன், மார்க்கெட்டுக்கே அதுலதான் போவேன். ஆனா அங்க ரைட் சைடுல ஓட்டணுமாமே, பயமா இருக்கு.

அம்மா, நீங்க எறங்கற ஊரே வாசல். துலூஸ்லேர்ந்து மிதி கால்வாய் (Canal du Midi) ஆரம்பிக்குது, 1666-லேர்ந்து 1681 வரைக்கும் ரிக்கேன்னு ஒருத்தர் பொறுப்பெடுத்து வெட்டினது, 1996-ல யுனெஸ்கோ பட்டியல்ல சேர்த்தாங்க. அந்தக் காலத்துல படகைக் குதிரை கட்டி இழுக்க கரையோரமா பாதை விட்டாங்க, இன்னைக்கு அதுதான் சைக்கிள் வழி. துலூஸ்லேர்ந்து போர் லோராகே வரைக்கும் ஏறக்குறைய 50 கிலோமீட்டர் வழவழன்னு தார், ரெண்டு பக்கமும் மரம். பேரனோட பத்து கிலோமீட்டர் போயி, ஒரு மதகுகிட்ட உக்காந்து படகு எப்படி ஏறுது எறங்குதுன்னு பார்த்துட்டுத் திரும்பி வாங்க, அதுவே ஒரு நாளுக்குப் போதும். போர் லோராகே தாண்டினா பல எடத்துல மண் பாதை, வேரு தூக்கிக்கிட்டிருக்கும், அது உங்களுக்கு வேணாம்மா. இன்னொரு விஷயம், சில எடத்துல மரமே இல்லாம வெறிச்சுன்னு இருக்கும். 2006-லேர்ந்து ஒரு பூஞ்சை நோய் அங்க இருக்கற ப்ளேன்ங்கற நிழல் மரங்களைக் கொன்னுக்கிட்டு இருக்கு, ஆயிரக்கணக்குல வெட்டிட்டு வேற மரம் நடறாங்க. பார்க்கக் கஷ்டமாத்தான் இருக்கும்.

ரைட் சைடு பயம் கால்வாய்க் கரையில இல்லவே இல்ல. ரோட்டுக்கு வந்தாதான். நேரா போகும்போது தானா பழகிடும், கடைக்குப் போயிட்டு வெளிய வந்து மறுபடி ஏறும்போதுதான் கால் பழைய பக்கம் போகும், அப்ப ஒரு நிமிஷம் நின்னு யோசிச்சுட்டு எறங்குங்க. இன்னொண்ணு, போர்டு எதுவும் இல்லாத சந்திப்புல வலது பக்கத்துலேர்ந்து வர்ற வண்டிக்குத்தான் முதல் உரிமை, அது எவ்ளோ சின்ன சந்தா இருந்தாலும் சரி. மஞ்சள் வைர வடிவ போர்டு பார்த்தா நீங்க போற ரோட்டுக்கு உரிமைன்னு அர்த்தம். பேரனுக்கு ஹெல்மெட் கட்டாயம், 12 வயசுக்குக் கீழ எல்லாருக்கும் 2017-லேர்ந்து சட்டம். நீங்களும் போட்டுக்கோங்கம்மா. காதுல இயர்ஃபோன் மாட்டிட்டு ஓட்டினா 135 யூரோ ஃபைன்.

சௌகார்பேட்டை. சுத்த சைவம், முட்டையும் இல்ல. கிராமத்துல சாப்பாடு, தண்ணி?

சாப்பாட்டை விட நேரம்தான் பிரச்சனை. மத்தியானம் 12-லேர்ந்து 2 வரைக்கும் சின்ன ஊர்ல கடையெல்லாம் சாத்திடுவாங்க, ஹோட்டல்ல சமையலும் அந்த ரெண்டு மணி நேரம்தான், மூணு மணிக்குப் போய் நின்னா காபி மட்டும் கெடைக்கும். ஞாயித்துக்கெழமை மதியத்துக்கு மேலயும் திங்கக்கெழமையும் நெறைய கடை லீவு. அதனால காலையிலயே பேக்கரில வாங்கிக் கட்டிக்கணும். பாரம்பரிய பாகெத் ரொட்டில மாவு, தண்ணி, உப்பு, ஈஸ்ட் இல்லன்னா புளிச்ச மாவு, அவ்ளோதான் அடிப்படை, 1993-லயே அரசாங்கம் விதி போட்டிருக்கு, நீங்க தைரியமா சாப்பிடலாம். க்ரோசான் மாதிரி ஐட்டத்துல மேல முட்டை தடவுவாங்க, அதைத் தொடாதீங்க. காய்கறி சூப்புன்னு எழுதியிருந்தாலும் கறி, எலும்பு வேக வெச்ச தண்ணில செஞ்சதான்னு கேட்டுக்கோங்க. பருப்புப் பொடி எடுத்துட்டுப் போங்க, ஆனா நெய், பால்கோவா, பன்னீர் எல்லாம் வேணாம், ஐரோப்பாவுக்குள்ள பால் பொருள் கொண்டு போக அனுமதி இல்ல.

தண்ணிக்கு சைக்கிள்காரங்க தலைமுறையா செய்யறது ஒண்ணு இருக்கு. ஊர்க் கல்லறைத் தோட்டத்துக்குப் போயிடுங்க. பூவுக்கு ஊத்தறதுக்குன்னு அங்க குழாய் இருக்கும், பெரும்பாலும் ஊர்த்தண்ணியே வரும். குழாய்க்கு மேல 'நோன் போத்தாப்ல்'னு எழுதியிருந்தா மட்டும் குடிக்கக்கூடாது. அமைதியாப் போங்க, பாட்டில ரொப்பிக்கிட்டு வெளிய வந்துடுங்க.

காசிமேடு. என் ரோட் பைக்கை இங்கேர்ந்து கொண்டு போகவா?

25 மில்லிமீட்டர் அகல டயரா இருந்தா வேணாம். கால்வாய்க் கரையில ஜல்லி அமுக்கின பாதை நெறைய, 32-லேர்ந்து 40 வரைக்கும் இருக்கணும். ஒரு வாரத்துக்குன்னா அங்கயே வாடகைக்கு எடுங்க. டெர்னு சொல்ற லோக்கல் ரயில்ல பெரும்பாலும் சைக்கிளை ஏத்திக்கலாம், லுவார் ஆத்துப் பக்கம் மாதிரி கூட்டமான வழித்தடத்துல கோடைல முன்னாடியே எடம் போட வேண்டியிருக்கும். தங்கறதுக்கு 'அக்கேய் வெலோ'னு பலகை மாட்டின எடமாப் பாருங்க, சைக்கிள் வழிலேர்ந்து 5 கிலோமீட்டருக்குள்ள இருக்கும், ராத்திரி வண்டியைப் பூட்டி வைக்க அறை இருக்கும்.

வியாசர்பாடி. எங்க வீட்டுக்குப் பின்னாடியே பக்கிங்ஹாம் கால்வாய். நீங்க எழுதினதைப் படிச்சதுலேர்ந்து அதையே பார்த்துட்டு நிக்கறேன். இதுல முடியாதா?

இந்தக் கேள்விக்காகவே இந்தப் பக்கம் முழுசையும் தரலாம். உங்க வீட்டுப் பின்னாடி ஓடறது மிதி கால்வாய்க்குத் தூரத்து சொந்தம். 1806-ல காக்ரேன்ங்கறவர் மெட்ராஸ்லேர்ந்து எண்ணூர் பக்கம் வெட்ட ஆரம்பிச்சது, அப்புறம் பழவேற்காடு தாண்டி வடக்க நீண்டுச்சு. கூவத்தையும் அடையாறையும் இணைச்ச துண்டு 1876-78 பெரும் பஞ்சத்துல வெட்டினது, பசியில கெடந்த ஜனம் கூலிக்கு வெட்டினது. அப்ப கவர்னரா இருந்த பக்கிங்ஹாம் பிரபு பேரை வெச்சாங்க, வெட்டினவங்க பேரு எங்கயும் இல்ல. விறகும் உப்பும் ஏத்தின படகை கரைல நடந்தே ஆளுங்க கயிறு கட்டி இழுத்திருக்காங்க. அதாவது கரையில வழி இருந்துச்சு. ஃப்ரேசினே அங்க ரயிலும் கால்வாயும்னு திட்டம் போட்ட அதே வருஷங்கள்லதான் இங்கயும் வேலை நடந்திருக்கு.

வித்தியாசம் எங்கன்னா, அங்க படகு நின்னு போன பின்னாடியும் கரையைப் பொது நெலமா ஒருத்தர் பொறுப்புல வெச்சிருந்தாங்க, உடைஞ்ச எடத்துல கட்டினாங்க, சாக்கடையா மாற விடல. இங்க தெற்க பறக்கும் ரயிலோட தூணை கால்வாய்லயே எறக்கினாங்க, வடக்க கழிவுநீரை விட்டாங்க. கரையில குடும்பங்க இருக்கு, அவங்களைத் தொரத்திட்டு சைக்கிள் பாதை போடுன்னு நான் சொல்லவே மாட்டேன், அப்படி ஒரு பாதைல எனக்கு ஓட்ட மனசு வராது. முதல்ல தண்ணி சுத்தமாகணும், அது அங்க வாழறவங்களுக்கே முதல் லாபம். எண்ணூர் முகத்துவாரம் பக்கம் இன்னும் ஆள் நடமாட்டம் கம்மியான கரை இருக்கு, அங்க ஒரு ரெண்டு கிலோமீட்டர் மண் வழியை மீனவங்களைக் கேட்டு, அவங்க வலைக்கும் படகுக்கும் எடம் விட்டுப் போட்டா கூட ஆரம்பம்தான். உங்க வார்டு கவுன்சிலர்கிட்ட மனுவா எழுதிக் குடுங்க, நாலு தெருக்காரங்க கையெழுத்தோட. எனக்கும் ஒரு காப்பி அனுப்புங்க, இதே பக்கத்துல போடறேன்.

கொருக்குப்பேட்டை. எந்த மாசம் போகலாம்ணா?

மே கடைசி, ஜூன், செப்டம்பர். ஆகஸ்ட்ல பிரான்ஸே லீவுல இருக்கும், ரூம் கெடைக்காது, தெற்க வெயிலும் கொளுத்தும். காத்தைப் பார்த்து திசையை முடிவு பண்ணுங்க. ரோன் ஆத்தோரமா போற வியாரோனா வழில மிஸ்த்ரால்னு வடக்கத்திக் காத்து அடிக்கும், அதனால ஜெனிவா ஏரிப் பக்கம் ஆரம்பிச்சு கடலைப் பார்த்து எறங்குங்க. லுவார்ல காத்து பெரும்பாலும் அட்லாண்டிக் பக்கத்துலேர்ந்து வரும், அங்க கடல்ல ஆரம்பிச்சு ஆத்துக்கு எதிரா மேல போனாதான் முதுகுக்குப் பின்னாடி தள்ளும். விசாவுக்கு 30,000 யூரோ கவர் ஆகற இன்ஷூரன்ஸ் கேப்பாங்க, அதை மறக்காம எடுத்துடுங்க.