குறைமாதக் குட்டியின் மூச்சும் கடைக்காரரின் எண்ணெயும்

கேள்வி: ஐயா, வணக்கம். கோவில்பட்டி பக்கம் கன்னி இன ஆடுகள் 14 வைத்திருக்கிறேன். ஐப்பசி அடைமழையில் ஆறு சினை ஆடுகளுக்குக் கால் நொண்டியது. ஊரில் ஊசி போடுபவரைக் கூப்பிட்டுக் காட்டினோம், நொண்டல் நின்றுவிட்டது. அதே வாரத்தில் நான்கு ஆடுகள் குட்டி போட்டன. ஏழு குட்டிகளில் ஐந்து, விலா உள்ளே போகிற அளவுக்கு இழுத்து இழுத்து மூச்சுவிட்டு முதல் நாளே செத்தன. உடம்பில் ரோமமே சரியாக இல்லை. நுரையீரலில் கொழுப்பு போதவில்லை என்று சொல்லி, தீவனக் கடைக்காரர் லெசித்தின் என்ற கொழுப்பு கலந்த எண்ணெய் மருந்து கொடுத்தார். தினம் 5 மில்லி வாயில் ஊற்ற வேண்டுமாம். மீதி இரண்டு குட்டிகளுக்கும் இனி பிறக்கப் போகிறவற்றுக்கும் எத்தனை நாள் கொடுக்கலாம்?

பதில்: தம்பி, ஒரு நாள்கூட வேண்டாம். பாட்டிலைத் திறந்திருந்தால் இன்றே நிறுத்திவிடுங்கள்.

கடைக்காரர் சொன்னதில் பாதி உண்மை. அதனால்தான் அது ஆபத்தாகிறது. குறைமாதக் குட்டியின் நுரையீரலில் கொழுப்பு போதாது என்பது சரிதான். மூச்சு வெளியே போனதும் காற்றுப் பைகள் ஈரப் பாலித்தீன் பை போல ஒட்டிக்கொள்ளாமல் இருக்க, உள்சுவரில் சர்ஃபாக்டன்ட் என்ற மெல்லிய படலம் வேண்டும். அதில் பத்தில் ஒன்பது பங்கு கொழுப்பு. அந்தக் கொழுப்பிலும் முக்கியமான ஒரு வகை, சுமார் 41 டிகிரியில்தான் இளகும். ஆட்டின் உடம்புச் சூடு 39 சொச்சம். ஆகவே மூச்சு வெளியே போய் பை சுருங்கும்போது அது உறைந்த நெய் மாதிரி விறைத்து நின்று பையைத் தாங்குகிறது. கடையில் விற்கிற சோயா லெசித்தின் பெயரளவில் அதே குடும்பம், ஆனால் இளகிய எண்ணெய் வகை. குடலுக்குப் போனதும் அது உடைந்து சாதாரண தீவனக் கொழுப்பாகிவிடும். அங்கிருந்து நுரையீரலுக்கென்று நேர்வழி எதுவும் கிடையாது. நுரையீரல் தனக்கு வேண்டிய கொழுப்பைத் தானேதான் செய்துகொள்ளும்.

மனிதக் குறைமாதக் குழந்தைகளுக்கு மாட்டு நுரையீரலில் இருந்து எடுத்த சர்ஃபாக்டன்டைக் கொடுத்துக் காப்பாற்ற முடியும் என்று 1980-ல் ஜப்பானில் காட்டினார்கள். இன்றும் மருத்துவமனைகளில் கொடுக்கிறார்கள். ஆனால் அங்கே அதை வாயில் ஊற்றுவதில்லை. குழாய் வைத்து நேராக மூச்சுக்குழலுக்குள் விடுகிறார்கள். வாய்வழி எண்ணெய்க்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

சரியாகச் சப்பத் தெரியாத குட்டியின் வாயில் எண்ணெயை ஊற்றினால் புரையேறும். தண்ணீர் தப்பிப் போனால் இருமித் தள்ளிவிடும். எண்ணெய் பல நேரம் இருமலைக்கூடக் கிளப்பாமல் வழுக்கிக்கொண்டு நுரையீரலுக்குள் இறங்கிவிடும். அங்கே போனால் சளிக்காய்ச்சல் கட்டும். நல்லெண்ணெய், விளக்கெண்ணெய், மீன் எண்ணெய் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். நுரையீரலுக்குக் கொழுப்பு என்று விற்கிறவர் அந்த நுரையீரலுக்குள் எண்ணெய் போக வழிசெய்து கொடுக்கிறார். இதைவிட மோசமான வியாபாரம் எனக்குத் தெரியாது.

நீங்கள் கேட்டதற்கு இவ்வளவுதான் பதில். கேட்டிருக்க வேண்டியது வேறு. அது உங்கள் கடிதத்திலேயே ஒரே வரியில் ஓடி மறைந்துவிட்டது: “நொண்டல் நின்றுவிட்டது.” இத்தனை சீக்கிரம் நொண்டலை நிறுத்துகிற ஊசி எது?

பெரும்பாலும் டெக்சா. டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு. நோய் அப்படியே இருக்கும், வலியும் வீக்கமும் மட்டும் அடங்கும். மழைக்காலக் குளம்பழுகலுக்கு வேண்டியது குளம்பைச் சீவி, துத்தநாக சல்பேட் கரைசலில் கால் நனைத்து, காய்ந்த தரையில் நிறுத்துவது. அதற்கு நேரம் பிடிக்கும், கூலியும் குறைவு. டெக்சா போட்டால் மறுநாளே ஆடு நடக்கும், போட்டவருக்கு நல்ல பெயர் கிடைக்கும்.

அதே மருந்து சினை ஆட்டுக்குள் என்ன செய்யும் தெரியுமா? ஈனும் நாள் நெருங்கும்போது வயிற்றுக்குள் இருக்கும் குட்டியின் உடம்பிலேயே கார்ட்டிசால் என்ற ஹார்மோன் ஏறும். டெக்சாவும் அதே வகைதான். அந்த ஒரே செய்தி இரண்டு வேலை செய்கிறது: நுரையீரலைப் பழுக்க வைக்கிறது, தாய்க்கு வலியும் எடுக்க வைக்கிறது. நுரையீரல் செல்கள் அதுவரை சேர்த்து வைத்த மாவுச்சத்தைக் கரைத்துக் கொழுப்பாக்கி, சின்னச் சின்னப் பொட்டலங்களாகக் கட்டி வைப்பது இந்தக் கடைசிக் கட்டத்தில்தான். நியூசிலாந்தின் ஆக்லாந்தில் லிக்கின்ஸ் என்ற மருத்துவர், பிரசவ வலி எப்படித் தொடங்குகிறது என்று பார்க்கத்தான் செம்மறிக் கருக்களுக்கு டெக்சாமெத்தசோன் கொடுத்தார். பிழைக்கவே வாய்ப்பில்லாத வயதில் பிறந்த குட்டிகள் மூச்சு விட்டன. திறந்து பார்த்தபோது நுரையீரல் ஓரளவு விரிந்திருந்தது. அதை 1969-ல் எழுதினார். இன்று குறைமாதப் பிரசவம் ஆகும் என்று தெரிந்தால் தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போடுவது அங்கிருந்து வந்த வழக்கம்.

அப்படியானால் நல்லதுதானே என்று கேட்பீர்கள். இணை சேர்ந்த தேதி கையில் இருந்து, 140 நாள் தாண்டி, தாய்க்கு ஆபத்து என்றால் மருத்துவரே இந்த ஊசியைப் போட்டு ஈன வைப்பதுண்டு. தேதி தெரியாமல் கண்ணை மூடிக்கொண்டு போட்டால், நுரையீரல் பழுப்பதற்கு முன்பே வலி வந்துவிடும். ஆட்டுக்கு ஏறக்குறைய 150 நாள். பத்து நாள் முந்தினால் தேற்றலாம். அதற்கும் கீழே போகப் போக நம் கையில் ஒன்றும் இல்லை.

பணியில் இருந்தபோது இப்படி விழுந்த குட்டி ஒன்றை அறுத்துப் பார்த்திருக்கிறேன். மூச்சுவிட்ட குட்டியின் நுரையீரல் இளஞ்சிவப்பாக, பஞ்சு மாதிரி இருக்கும். இது ஈரல் நிறத்தில், ஈரல் போலவே கனத்து இருந்தது. ஒரு துண்டை வெட்டி வாளித் தண்ணீரில் போட்டேன், அடியில் போய் உட்கார்ந்தது. வெட்டுப்பல் ஈறைவிட்டு வெளியே வரவில்லை. ரோமம் பட்டுப் போலப் படிந்திருந்தது. ஆட்டுக்காரர் அந்த வாளியைப் பார்த்தபடியே நின்றார். நான்கு நாளுக்கு முன் தாய்க்கு நொண்டலுக்கு ஊசி போட்டதாக அப்புறம்தான் சொன்னார்.

சினை ஆட்டுக்கு, என்ன ஊசி என்று குப்பியைக் காட்டாதவர் கையால் ஊசி போடவே கூடாது. காய்ச்சலா, நொண்டலா, வீக்கமா, எதுவானாலும் சரி. பட்டியில் கிடா எப்போதும் கூடவே திரிந்தால் தேதி தெரியாது, தேதி தெரியாவிட்டால் எந்த மருத்துவரும் பாதி குருடர்தான். கிடாவைப் பிரித்துக் கட்டுங்கள். இணை சேர்த்த நாளை நோட்டில் எழுதுங்கள். இருபது ரூபாய்க்கு வாங்கிய நோட்டுப் புத்தகம் போதும்.

ஒன்றை மட்டும் ஒதுக்கிவிட முடியாது. ஒரே வாரத்தில் நான்கு ஆடுகள் குறைமாதத்தில் குட்டி போட்டால் புருசெல்லோசிஸ் என்ற கன்று வீச்சு நோயாகவும் இருக்கலாம், அது மனிதருக்கும் தொற்றும். நஞ்சுக்கொடியை வெறுங்கையால் தொடாமல் ஆழமாகப் புதையுங்கள். பாலைக் காய்ச்சாமல் குடிக்காதீர்கள். நான்கு ஆடுகளின் இரத்தத்தையும் சோதிக்கச் சொல்லி அரசு கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள். போக முடியாவிட்டால் 1962 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் கால்நடை மருத்துவ வண்டி வரும்.

பிழைத்த இரண்டு குட்டிகளைப் பற்றி இனிக் கவலை குறைவு. பிறந்து இத்தனை நாள் நின்றுவிட்டால் அவற்றின் நுரையீரல் வேண்டிய கொழுப்பைச் செய்யக் கற்றுக்கொண்டுவிட்டது. நிறைமாதக் குட்டி பிறக்கும்போது, எடைக்கு எடை பார்த்தால், பெரிய ஆட்டைவிடப் பல மடங்கு சர்ஃபாக்டன்ட் கையிருப்போடு வருகிறது. முதல் மூச்சுகளுக்கு அது வேண்டும். பிறகு அந்தக் கையிருப்பு தானாகக் குறைந்து வளர்ந்த ஆட்டின் அளவுக்கு வந்துவிடும். அது நோயல்ல, மருந்தும் வேண்டாம். இனி அவற்றைக் கெடுக்கக்கூடியது கொட்டில் காற்று. மழைநாள் காலையில் கொட்டிலுக்குள் குனிந்து குட்டியின் மூக்கு உயரத்தில் மூச்சை இழுத்துப் பாருங்கள். மூத்திர நெடி கண்ணைக் கரித்தால், சளிக்காய்ச்சலுக்குப் பாதை போட்டாயிற்று. தரையைக் காயவிடுங்கள், பக்கவாட்டுப் படுதாவின் மேல்பகுதியைத் திறந்து வையுங்கள்.

இனிக் குறைமாதத்தில் குட்டி விழுந்தால் வைக்கோலால் தேய்த்துத் துடைத்து, பக்கவாட்டில் சாய்க்காமல் நெஞ்சு தரையில் படும்படி கிடத்தி, குளிர் தட்டாமல் காப்பாற்றுங்கள். குளிர்ந்த உடம்பில் நுரையீரல் கொழுப்பும் சரியாகச் செய்யப்படாது. சப்பினால் சீம்பாலைக் கறந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். இரண்டு கிலோ குட்டிக்கு முதல் நாள் முழுவதும் சேர்த்து 200 மில்லியாவது போக வேண்டும். சப்பாவிட்டால் ஊற்ற வேண்டாம், மருத்துவர் குழாய் வைத்துக் கொடுப்பார்.

ஊசி போட்ட ஆறில் நான்குதான் ஈன்றிருக்கின்றன. மீதி இரண்டையும் இன்று மாலையே பாருங்கள். மடி இறங்கியிருக்கிறதா, வாலடித் தசை தளர்ந்திருக்கிறதா என்று கவனித்து, அந்த ஊசிக் குப்பியில் இருந்த பெயரையும் சேர்த்து எனக்கு உடனே எழுதுங்கள்.