இதயக் குறைபாட்டோடு பிறந்த பிள்ளைகளின் பற்கள்: கேள்வி பதில்

கோலாலம்பூரில் குழந்தைகளுக்குப் பல் மருத்துவம் பார்த்து வரும் நான், பெற்றோர் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதிலளிக்கிறேன்.

செந்தூலிலிருந்து ஒரு தாயார்: டாக்டர், என் மகனுக்கு நான்கு வயது, பிறவியிலேயே இதயத்தில் ஓட்டை இருக்கிறது. துலக்கும்போது ஈறில் இரத்தம் கசிந்ததால், கிருமி இதயத்துக்குப் போய்விடுமோ எனப் பயந்து இரண்டு வாரமாகத் துலக்கவில்லை. செய்தது சரிதானா?

பதில்: அம்மா, பயம் நியாயமானதுதான், ஆனால் இன்றிரவே மீண்டும் துலக்கிவிடுங்கள். வாய்க் கிருமிகள் இரத்தத்தில் கலந்து இதய வால்விலோ உட்சுவரிலோ தொற்றை உண்டாக்கக்கூடும் என்பது உண்மை. ஆயினும் பெரும்பாலும் ஈறு கசிவதற்குக் காரணம் பிரஷ் அன்று, பல்லும் ஈறும் சேருமிடத்தில் படிந்துள்ள அழுக்குதான். அதை அகற்றாத வரை, சோறு மெல்லும்போதுகூடக் கிருமிகள் இரத்தத்துக்குள் நுழைந்துகொண்டே இருக்கும். மகனை மடியில் சாய்த்து, மேலுதட்டைத் தூக்கிப் பாருங்கள். ஈறை ஒட்டிச் சுண்ணாம்பு பூசியதுபோல் வெண்கோடு தெரிந்தால் அது சொத்தையின் தொடக்கம். மென்மையான பிரஷில் பட்டாணி அளவு ஃபுளோரைடு பற்பசை எடுத்து, காலையும் இரவும் நீங்களே துலக்கிவிடுங்கள். இரத்தம் உறைவதைத் தடுக்கும் ஆஸ்பிரினோ வார்ஃபரினோ அவன் உட்கொண்டாலோ, ஒரு வாரத்துக்குப் பிறகும் கசிவு நிற்காவிட்டாலோ, உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.

செராஸிலிருந்து ஒரு தந்தை: இரண்டு வயது மகள், தினமும் இதய மருந்துச் சிரப் குடிக்கிறாள், பால் போத்தலோடுதான் தூங்குகிறாள். இதனால் பல் கெடுமா?

பதில்: பல சிரப்புகளில் சர்க்கரை உண்டு, சர்க்கரையில்லாத வகை கிடைக்குமா என மருந்தாளரிடம் கேளுங்கள். இரவு மருந்தைத் துலக்குவதற்கு முன்பே கொடுத்துவிடுங்கள். இதய நோயால் எடை கூட வேண்டிய பிள்ளை என்பதால் பாலைக் குறைக்கச் சொல்ல எனக்கு மனமில்லை. பாலைக் குடித்து முடித்த பின் பல்லைத் துடைத்துத் தூங்க வையுங்கள்.

பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து ஒரு பாட்டி: பேரனுக்குப் பல் பிடுங்க வேண்டும். முன்கூட்டியே ஆன்டிபயாடிக் தர வேண்டுமா?

பதில்: எல்லோருக்கும் தேவையில்லை, பாட்டி. அமெரிக்க இதயச் சங்கம் 2007இல், முன்கூட்டியே ஆன்டிபயாடிக் தேவைப்படுவோரின் பட்டியலை வெகுவாகச் சுருக்கியது: செயற்கை வால்வு உள்ளவர்கள், இதயத் தொற்று ஏற்கெனவே வந்தவர்கள், இரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்து உடல் நீலம் பாரிக்கும் பிறவி இதய நோய் சரிசெய்யப்படாமல் உள்ளவர்கள், செயற்கைப் பொருள் பொருத்திச் சரிசெய்து ஆறு மாதம் ஆகாதவர்கள், பொருத்திய இடத்தில் இன்னும் கசிவு உள்ளவர்கள் ஆகியோரே அதில் முக்கியமானவர்கள். அமாக்சிசிலின் என்ற ஆன்டிபயாடிக் என்றால் எடைக்கு ஒரு கிலோவுக்கு 50 மில்லிகிராம், அதிகபட்சம் 2 கிராம், சிகிச்சைக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பாக ஒரே முறை. பால்பல் தானாக விழுந்தால் அதற்கு மருந்து வேண்டாம். ஐஜேஎன் எனப்படும் தேசிய இதயக் கழகத்திலோ வேறெங்கோ பேரனைப் பார்க்கும் இதய மருத்துவரிடம் ஒரு கடிதம் வாங்கி வாருங்கள்.

கெப்போங்கிலிருந்து ஒரு தாயார்: காய்ச்சல் வந்தால் வீட்டில் மிச்சமிருக்கும் ஆன்டிபயாடிக்கைக் கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள், அம்மா. இரத்தத்தில் கிருமி இருக்கிறதா என்று பரிசோதிப்பதற்கு முன் அந்த மருந்து உள்ளே போனால், தொற்று இருந்தும் பரிசோதனையில் தெரியாமல் போகலாம். காரணம் தெரியாத காய்ச்சல் நீடித்தால் மருத்துவமனைக்குச் சென்று, பிள்ளையின் இதய நோயை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.