65 வயதைத் தாண்டியவர்களுக்கு நடைப்பயிற்சி மட்டும் போதுமா?

போதாது. நடை இதயத்துக்கு நல்லதுதான். ஆனால் முதியவர்களை முடக்கிப் போடுவதில் தொடைத் தசை இளைப்பதற்கும் இடறி விழுவதற்கும் பெரும் பங்கு உண்டு. அதனால்தான் உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல், வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்போடு குறைந்தது 2 நாள் தசை வலுப் பயிற்சியும் 3 நாள் சமநிலைப் பயிற்சியும் சேர்க்கச் சொல்கிறது.

தசைக்கு எளிய தொடக்கம், நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காருவது. 8 முறை செய்யுங்கள்; சற்று ஓய்வு; மறுபடி 8. கடைசி இரண்டு முறை சிரமமாக இருக்க வேண்டும். சுலபமாகிவிட்டதா? சரி, இன்னும் மெதுவாக உட்காருங்கள், அப்புறம் கையில் தண்ணீர் பாட்டில் பிடித்துக்கொள்ளுங்கள். இப்படிப் படிப்படியாகக் கூட்டுவதுதான் திட்டத்தின் உயிர்; பல வீடுகளில் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். "இந்த வயசில் எதற்கு" என்று தயங்கவே வேண்டாம். 1990-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், முதியோர் இல்லத்தில் 90 வயதை ஒட்டியவர்கள் 8 வாரம் எடைப் பயிற்சி செய்தபோது கால் வலு சராசரியாக இரண்டு மடங்குக்கும் மேலானது.

சமநிலைக்கு, சமையல் மேடையைப் பிடித்தபடி ஒற்றைக் காலில் நின்று பழகலாம். எடை தூக்கும்போது மூச்சை அடக்காதீர்கள், ரத்த அழுத்தம் ஏறும். நெஞ்சு வலியோ தலைசுற்றலோ வந்தால் உடனே நிறுத்தி மருத்துவரைப் பாருங்கள்.